சிவப்புப் பேனை

விடிய ஐந்தரைக்கு மட்டக்களப்பு கல்லடிப் பழைய பாலத்தில் நடந்தேன். முன்னால் ஐந்தாறு பென்ஷன்காரர்கள், கதை ஓயவே இல்லை.

அதில் ஓய்வுபெற்ற கணக்கு சேர் ஒருவர். நடக்க வரும்போதும் சேட்டுப் பையில் சிவப்புப் பேனை!

"இப்ப எதுக்கு சேர் இது?"

"ஆர் பிந்தி வாறாங்க எண்டு குறிக்கத்தான் மனே" என்று ஒரு குட்டிக் கொப்பியை நீட்டினார். நேற்று இரண்டு பேருக்குச் சிவப்புக் கோடு. பிந்தினால் அன்றைய பிளேன்டீ அவர்கள் கணக்கு.

1924இல் திறந்த பாலம் இது. 2013இல் பக்கத்தில் புதுப்பாலம் வந்ததும் பெரிய வாகனமெல்லாம் அங்கே போய்விட்டன, பாலத்துக்கும் பென்ஷன்தான், ஆனால் சும்மாவா கிடக்கிறது?

கொப்பியில் ஒரு பெயருக்கு நேரே மட்டும் கோடில்லை, கேள்விக்குறி.

"கண் ஒபரேஷன். வாற கிழமை வருவார்."

மறுகா எனக்கும் ஒரு பிளேன்டீ. கணக்கு யாருடையதோ.