அம்மாகிட்ட குடுக்க முடியாத பேப்பர்

சிங்கப்பூர்ல ஈசூன் பக்கம் ஒரு எச்டிபி ப்ளாக், அதான் அரசாங்க அடுக்குமாடி, ராத்திரி ஏழரை மணி இருக்கும். கதவத் திறந்தது எழுபது வயசத் தாண்டுன ஒரு அம்மா. பையன் பேரச் சொல்லி கேட்டேன், வேலைக்குப் போயிருக்கான்பா, என்ன பேப்பர் அது, எங்கிட்ட குடு வந்ததும் குடுத்துடுறேன்னு கைய நீட்டிட்டாங்க. குடுக்க முடியாது. கேஸோட முதல் பேப்பர், ஒரிஜினேட்டிங் க்ளெய்ம்னு பேரு, யார் மேல கேஸோ அவர் கையிலயே போகணும், அம்மா வாங்குனா அது சர்வீஸ், அதாவது முறைப்படி சேத்ததா, ஆகாது. என்ன கேஸ்னும் அவங்ககிட்ட சொல்றது முறையில்ல. "என்ன நம்ப மாட்டியா தம்பி"ன்னாங்க. பதில் சொல்லத் தெரியாம, பையன் எத்தன மணிக்கு வருவாருன்னு மட்டும் கேட்டுட்டு கீழ வாய்ட் டெக்ல, ப்ளாக்கோட அடித்தளத் திறந்தவெளியில, வந்து உக்காந்துட்டேன்.

லா ஃபர்ம்ல கோர்ட் கிளார்க் வேலை, 20 வருஷம் தாண்டிருச்சு. பழைய கோர்ட் ரூல்ஸ்ல கேஸ் போட்டா, சிங்கப்பூருக்குள்ள சர்வ் பண்ண 6 மாசம் டைம். 2022 ஏப்ரல் 1ல புது ரூல்ஸ் வந்ததுல அது 3 மாசம் ஆச்சு. நீட்டிப்பு கேக்கலாம், ஆனா சாதாரணமா ரெண்டே தடவைதான், ஒவ்வொரு தடவையும் 3 மாசத்துக்கு மேல கிடையாது. அதோட சிங்கப்பூருக்குள்ளன்னா 14 நாளுக்குள்ள, வெளிநாடுன்னா 28 நாளுக்குள்ள சர்வ் பண்ண முயற்சி எடுக்கணும்னும் ரூல்லயே எழுதிட்டாங்க. ஆபீஸ்ல நெறைய பேரு ஐயோ இவ்ளோ கம்மியான்னு பயந்தாங்க, எனக்கு நிம்மதியா இருந்துச்சு.

ஏன்னா 6 மாசம் இருக்குன்னு நெனச்சு நான் பட்டது எனக்குத் தெரியும். வேலைக்குச் சேந்த புதுசுல, அப்ப வேற ஃபர்ம், ஒரு சின்ன கான்ட்ராக்டரோட பாக்கிப் பண கேஸ். இங்க ஒப்பந்த பாக்கிக்கு கேஸ் போட 6 வருஷம்தான் டைம், அவரு கடைசி வாரத்துலதான் வந்தாரு, எப்படியோ போட்டுட்டோம். அப்புறம் ஃபைல் என் மேசையில நாலு மாசம் கெடந்துச்சு, அடுத்த வாரம் போலாம் அடுத்த வாரம் போலாம்னே போச்சு, கடைசியில போனா வீட்ட வித்துட்டு ஆளு போயிட்டாரு, எங்கன்னு பக்கத்து வீட்டுக்கும் தெரியல. சர்வ் பண்ற 6 மாசம் முடிஞ்சு அந்த பேப்பர் காலாவதியானா புதுசா கேஸ் போட வழியே இல்ல, 6 வருஷம் எப்பவோ முடிஞ்சிருச்சு. காலாவதியாகுறதுக்கு சில நாள் முன்னாடி நீட்டிப்பு கெடச்சுது. அந்த நாட்கள்ல எனக்குத் தூக்கமே இல்ல, அது அந்த மனுஷன் வேலை செஞ்சு சம்பாதிச்ச காசு.

ஆள் கிடைக்கலன்னா கோர்ட் ஆர்டர் வாங்கி கதவுல ஒட்டலாம், வேற வழியிலயும் அனுப்பலாம். அதுக்கு முன்னாடி நேர்ல ரெண்டு தடவையாவது ஒழுங்கா முயற்சி பண்ணோம்னு அஃபிடவிட், அதான் சத்தியப் பத்திரம், போடணும். இதுலதான் எனக்கு வருத்தம். ரெண்டு தடவையும் வேல நாள்ல காலையில 11 மணிக்குப் போயி கதவத் தட்டிட்டு ஆளு இல்லன்னு எழுதுறவங்க இருக்காங்க, ஷிஃப்ட் வேலை பாக்குறவரு அந்த நேரத்துல எங்க இருப்பாரு? ஒட்டுன பேப்பர யாராவது விளம்பரம்னு நெனச்சு கிழிச்சுப் போட்டா அவருக்கு விஷயமே தெரியாம ஜட்ஜ்மென்ட் வந்துரும், அப்புறம் அத செட் அசைட் பண்ணணும்னா, அதான் ரத்து பண்ண வைக்கணும்னா, தனி அலைச்சல், தனி செலவு. அதனால நான் ஒரு தடவ சாயங்காலம், ஒரு தடவ சனிக்கிழமைன்னு மாத்தி மாத்திதான் போவேன்.

அன்னைக்கு ஒம்போது மணிக்கு மேல அந்தப் பையன் யூனிஃபார்மோட லிஃப்ட்ட விட்டு வந்தாரு. அடையாளம் கேட்டு உறுதி பண்ணிட்டு கையில குடுத்தேன். என்ன கேக்குறோம், ஏன் கேக்குறோம்னு சொல்ற ஸ்டேட்மென்ட் ஆஃப் க்ளெய்மும் கூடவே இருந்ததால குடுத்ததுலேருந்தே நாள் கணக்கு ஆரம்பிச்சிருச்சு: கேஸ எதுத்து நிக்கப் போறாரா இல்லையான்னு நோட்டீஸ் போட 14 நாள், டிஃபென்ஸ், அதான் அவரோட பதில், போட 21 நாள். அவருக்கு நான் எதிர்த்தரப்பு ஆளு, என்ன பண்ணலாம்னு யோசனை சொல்லக் கூடாது. ஃபார்ம்ல அந்த 14 நாள் எழுதியிருக்கிற எடத்த மட்டும் விரல் வச்சுக் காட்டி, இத இன்னைக்கே படிச்சிருங்க, லாயர் வைக்க வசதி இல்லன்னா சட்ட உதவி செய்ற லீகல் எய்ட் பியூரோன்னு ஒண்ணு இருக்குன்னு சொல்லிட்டு வந்தேன். உள்ளேருந்து அந்த அம்மா, யாருப்பா அது, அந்தத் தம்பியான்னு கேட்டது லிஃப்ட் வரைக்கும் கேட்டுச்சு.

12ஆவது நாள் அவரோட நோட்டீஸ் எங்க ஆபீசுக்கு வந்துச்சு. லாயர்கிட்ட எடுத்துட்டுப் போயி, இவரு எதுத்து நிக்கிறாரு சார்னு சொன்னேன்.