சாய்த்துக் குத்து

குடியாத்தம் வீட்டில் மண்ணுக்கடியில் தண்ணீர்க் குழாய் எங்கேயோ உடைந்துவிட்டது. தேடலாம் என்று கடப்பாரையை ஓங்கினேன். அப்பா பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டு, மண்டிபோட்டு, ஒரு நீளக் கம்பியைச் சாய்வாக மெல்ல மண்ணில் இறக்கினார். "நேரா குத்தினா மேல்தட்டு அமுங்கிடும்டா. சாய்ச்சுக் குத்து, பக்கத்துலதான் இடிக்கும்."

குழாய்க்கு ஏது மேல்தட்டு? தரைப்படையின் பொறியாளர் படைப் பிரிவுகளில் ஒன்றான மெட்ராஸ் சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்தவர் அவர். மேல்தட்டு அமுங்கினால் வெடிக்கிற கண்ணிவெடியைத் தேடிய கைக்கு வேறு முறை தெரியாது.

2022 ஏப்ரல் 30 அன்று ஜெனரல் மனோஜ் பாண்டே தரைப்படைத் தளபதியானதை டிவியில் பார்த்து எழுந்தே நின்றுவிட்டார். பொறியாளர் படையிலிருந்து அந்த நாற்காலிக்கு வந்த முதல் ஆள். அதுவரை காலாட்படை, டாங்கிப் படை, பீரங்கிப் படைக்காரர்கள்தான். "ஆனா பாம்பே சாப்பர்" என்று ஒரு சின்னக் குறை மட்டும் அவருக்கு.

பாலம் கட்டுகிறவருக்குப் படை நடத்தத் தெரியுமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பாண்டே 1982 டிசம்பரில் சேர்ந்தவர். 2001-02இல் பாகிஸ்தான் எல்லையில் படைகள் குவிக்கப்பட்ட ஆபரேஷன் பராக்ரமின்போது, ஜம்முவின் பல்லன்வாலா பகுதியில் பொறியாளர் ரெஜிமெண்டை நடத்தினார். அப்புறம் எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டில் காலாட்படை பிரிகேடு, மேற்கு லடாக்கில் மலைப் படைப்பிரிவு, அந்தமானில் முப்படைக் கட்டளையகம், கொல்கத்தாவில் கிழக்குக் கட்டளையகம். நடுவே எத்தியோப்பியா - எரித்ரியா ஐ.நா. படையில் தலைமைப் பொறியாளர்.

எத்தியோப்பியா என்றதும் அப்பாவுக்கு இன்னொரு பாம்பே சாப்பர் நினைவு வந்துவிடும்: பிரேமிந்திர சிங் பகத். இரண்டாம் உலகப் போரில், 1941இல் அந்த நாட்டு எல்லையில் மெத்தம்மா என்ற ஊர் விழுந்த பிறகு, படை போகும் பாதையில் முதல் வண்டியில் உட்கார்ந்து போனவர். நான்கு நாள், 55 மைல், 15 கண்ணிவெடி வயல்கள். இரண்டு முறை வண்டி வெடித்தது. ஒரு காதுச் சவ்வு கிழிந்தது. மாற்று ஆள் அனுப்புகிறோம் என்றார்கள். இந்த வேலை இப்போது எனக்குத்தான் நன்றாகப் பழகியிருக்கிறது என்று மறுத்துவிட்டார். பிரிட்டிஷ் படைகளின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் கிடைத்தது. இரண்டாம் லெப்டினென்ட், வயது 22!

1974இல் அவர்தான் அடுத்த தளபதி என்று பலரும் எதிர்பார்த்திருக்க, பதவியிலிருந்த ஜெனரல் பேவூருக்கு நீட்டிப்பு வந்தது. பகத் லெப்டினென்ட் ஜெனரலாகவே ஓய்வு பெற்றார். ஐம்பது வருஷம் கழித்து, 2024 மே மாதம், பாண்டேவுக்கு ஒரு மாத நீட்டிப்பு. செய்தியைக் கேட்டு அப்பா சிரித்த சிரிப்பில் என்ன இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை.

சரி, குழாய்க்கு வருவோம். ஒரு மணி நேரமாக அடி அடியாக நகர்ந்துகொண்டிருந்தார். முழங்கால் நடுங்கியது. "குடுங்கப்பா, நான் பார்க்கிறேன்" என்று கம்பியைக் கேட்டேன்.

தரவில்லை.