மாற்று சிறுநீரகமும் 99.6 டிகிரி காய்ச்சலும்

என் வீட்டுக்காரருக்கு என் சிறுநீரகத்தைக் கொடுத்து 14 மாதம் ஆகியிருந்தது. சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று ரத்தத்தில் பார்க்கும் கிரியாட்டினின் (ஏறினால் கெடுதல்) 1.2. வேலைக்கும் போய் வந்துகொண்டிருந்தார். பெரம்பூரில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. ஒரு நாள் காலையில் பால் பாக்கெட்டோடு ஏறி வந்தவர் முதல் மாடியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "ஒண்ணுமில்ல, லேசா மூச்சு வாங்குது" என்றார். காய்ச்சல் 99.6 தான். சளி இல்லை, வறட்டு இருமல் மட்டும் நாலு நாளாக இருந்தது.

பக்கத்து கிளினிக்கில் நெஞ்சு சுத்தமாக இருக்கிறது என்று சொல்லி கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கை எழுதிக் கொடுத்தார்கள். வாங்கிவிட்டேன், ஆனால் கொடுக்க மனசு வரவில்லை. எந்தப் புது மாத்திரையானாலும் கேட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்று டிஸ்சார்ஜ் அன்று டிரான்ஸ்பிளான்ட் கோஆர்டினேட்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அவருக்கு போன் போட்டேன். மாற்று சிறுநீரகத்தை உடம்பு நிராகரிக்காமல் இருக்க இவர் சாப்பிடும் டாக்ரோலிமஸின் அளவை அது ரத்தத்தில் ஏற்றிவிடும், சிறுநீரகத்துக்கே ஆபத்து, கொடுக்காதீங்க என்றார். அப்புறம், ரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டி அவரை வீட்டுக்குள்ளேயே நடக்க விடச் சொன்னார். உட்கார்ந்திருந்தபோது 96. ஹாலுக்கும் சமையலறைக்கும் ஆறு நடை நடந்ததும் 88. போனில் சொன்னேன். "ஆட்டோ பிடிச்சு உடனே வாங்கம்மா."

எக்ஸ்ரேயில் பெரிதாக எதுவும் தெரியவில்லை. சிடி ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் பனி படிந்த கண்ணாடி மாதிரி வெள்ளை. மாற்று சிறுநீரகம் வைத்தவர்கள் சாப்பிடும் மாத்திரைகள் உடம்பின் எதிர்ப்பு சக்தியை அடக்கி வைப்பதால் காய்ச்சல்கூட அடங்கித்தான் அடிக்கும் என்று டாக்டர் விளக்கினார். டிபியா, சிஎம்வி வைரஸா, பூஞ்சையா என்று தெரியாமல் குத்துமதிப்பாக மருந்து கொடுக்க முடியாது என்று, டியூப் விட்டு நுரையீரலுக்குள் பார்க்கும் பிராங்கோஸ்கோப்பி செய்தார்கள். தொண்டை மரத்துப்போக ஸ்பிரே அடித்து, மூக்கு வழியாக டியூபை விட்டு, நுரையீரலுக்குள் சலைன் விட்டு உறிஞ்சி எடுத்தார்கள். வெளியே வந்தவர் சைகையிலேயே தண்ணீர் கேட்டார். மரப்பு போகும் வரை ஒரு சொட்டு கூடாது என்றார்கள். இரண்டு மணி நேரம் ஈரத்துணியால் உதட்டைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் மாலை முடிவு வந்தது. நியூமோசிஸ்டிஸ் என்ற பூஞ்சை. இது வராமல் இருக்கத்தான் ஒரு வருஷம் கோட்ரைமாக்சசோல் கொடுத்து, இரண்டு மாதம் முன்பு நிறுத்தியிருந்தார்கள். அதே மருந்தை இப்போது பெரிய அளவில் 21 நாள். முதலில் டிரிப்பில், பிறகு மாத்திரையாக. ஆக்சிஜன் குறைந்ததால் ஸ்டீராய்டையும் கூட்டினார்கள்.

எனக்கு வயிற்றைக் கலக்கியது வேறு. எதிர்ப்பு சக்தியை அடக்கும் இன்னொரு மாத்திரையான மைகோஃபினோலேட்டை நிறுத்திவிட்டார்கள். கிருமியை ஜெயிக்க எதிர்ப்பு சக்தி எழ வேண்டும், எழுந்தால் என் சிறுநீரகத்தையே அது எதிரியாகப் பார்க்கலாம். ஐந்தாம் நாள் கிரியாட்டினின் 1.7, பொட்டாசியம் 5.6. அன்று ராத்திரி நான் தூங்கவில்லை. இரண்டையுமே கோட்ரைமாக்சசோல் ஏற்றும், பயப்படாதீங்க என்று டாக்டர் காலையில் சொன்ன பிறகுதான் காபி இறங்கியது. பொட்டாசியம் அதிகம் உள்ள இளநீர், வாழைப்பழம், தக்காளி எல்லாம் நிறுத்தம். தினமும் ரத்தப் பரிசோதனை. டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில், ரத்தம் எடுத்த பிறகுதான் காலை மாத்திரை. இதில் மட்டும் நான் யாரையும் நம்பவில்லை, நானே பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் வீட்டுக்கு வந்தோம். இப்போது கிரியாட்டினின் 1.3. கோட்ரைமாக்சசோல் சின்ன அளவில் மறுபடி தினமும் உண்டு. மைகோஃபினோலேட்டைப் பாதி அளவில் ஆரம்பித்திருக்கிறார்கள். படியேறி வந்ததும் நான் கேட்காமலே விரலை நீட்டுகிறார். நேற்று 97.