கிராசிங்குக்காக நிற்கும் ரயில்: கனடாவின் குறுக்கே ஒரு நாட்குறிப்பு

2025 செப்டம்பர் 24, புதன்கிழமை

காலை பத்து மணிக்குச் சற்று முன்னதாக டொரண்டோ யூனியன் நிலையத்திலிருந்து ‘கனேடியன்’ புறப்பட்டது. வான்கூவர் வரை 4,466 கிலோமீட்டர் தொலைவு. கால அட்டவணை ஞாயிறு காலை எட்டு மணிக்குச் சென்று சேரும் என்கிறது. அதை நம்பி யாரும் விமானப் பயணச்சீட்டு எடுத்துவிட வேண்டாம் என்று பெட்டிப் பணியாளரே சிரித்துக்கொண்டு சொல்கிறார்.

இந்த ரயிலின் பெட்டிகள் 1954, 1955 ஆம் ஆண்டுகளில் கட்டப்பட்டவை. அமெரிக்காவின் பட் நிறுவனம் துருப்பிடிக்காத எஃகில் செய்து கொடுத்த அவை, 1955 ஏப்ரலில் இந்தப் பெயரிலேயே ஓடத் தொடங்கி, உட்புறம் பலமுறை புதுப்பிக்கப்பட்டு, இன்றும் அதே வரிவரியான எஃகுப் பக்கங்களோடு ஓடுகின்றன. எனக்குக் கிடைத்திருப்பது கதவில்லாத பெர்த். பகலில் எதிரெதிராக இருக்கும் இரண்டு அகன்ற இருக்கைகள் இரவில் லோயர் பெர்த்தாக மாறும். மேலே மடித்து வைத்த அப்பர் பெர்த்தைச் சாவி போட்டு இறக்குவார்கள். தனிமைக்கு ஒரு கனத்த திரை மட்டுமே. தனி அறை எடுத்தவர்கள் இதைச் சற்று இரக்கத்தோடு பார்க்கிறார்கள் என்றாலும், நடைபாதையில் போவோர் வருவோரின் பேச்சைக் கேட்டுக்கொண்டு பயணம் செய்வதே எனக்குப் பிடிக்கும்.

பாரி சவுண்டைத் தாண்டியதும் மண் மறைந்து பாறை தொடங்கிவிட்டது. இளஞ்சிவப்புக் கருங்கல், அதன் இடுக்கில் வேர் பிடித்த பைன், அடுத்து ஒரு சிறு ஏரி, பிறகு மறுபடியும் பாறை. இருட்டிய பின் கேப்ரியோலில் நின்றோம். ஏறத்தாழ 185 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியதால் உருவான சட்பரி படுகையின் விளிம்பில் இருக்கும் சிற்றூர் அது. அந்த மோதலின் விளைவாகத்தான் இப்பகுதியில் நிக்கல் சுரங்கங்கள் நிறைந்திருக்கின்றன.

செப்டம்பர் 25, வியாழக்கிழமை

விழித்தபோது ரயில் நின்றுகொண்டிருந்தது. ஊர் இல்லை, நடைமேடை இல்லை, விளக்குக் கம்பம் கூட இல்லை. இரு பக்கமும் கறுப்பு ஸ்புரூஸ் மரங்கள் மட்டும் ஈரத்தில் நின்றன. கால் மணி நேரத்துக்குப் பின் எதிரே ஒரு சரக்கு ரயில் வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கன்டெய்னர்களை எண்ணத் தொடங்கி, நூற்றைம்பதைத் தாண்டியதும் விட்டுவிட்டேன். அதற்குப் பிறகும் அது போய்க்கொண்டே இருந்தது.

இந்தப் பயணத்தைப் புரிந்துகொள்ள இந்தக் கிராசிங்கைப் புரிந்துகொண்டால் போதும் என்று தோன்றுகிறது. தண்டவாளம் பயணிகள் ரயிலை நடத்துவோருக்குச் சொந்தமானது அன்று. சரக்கு நிறுவனத்திடம் கட்டணம் கொடுத்துத்தான் இது ஓடுகிறது. பாதையின் பெரும்பகுதி ஒற்றைப் பாதை. எதிரெதிரே வரும் இரண்டு ரயில்களில் ஒன்று லூப் லைனில் ஒதுங்கியாக வேண்டும். அந்த லூப்கள் பல, ரயில்கள் குட்டையாக இருந்த காலத்தில் அமைக்கப்பட்டவை. இன்றைய சரக்கு ரயில்கள் மூன்று கிலோமீட்டர் நீளம்கூட வருவதால் அவற்றில் அடங்குவதில்லை. எனவே யாருக்கு முன்னுரிமை என்ற கேள்வி எழுவதற்கு முன்பே நீளம் முடிவு சொல்லிவிடுகிறது: அடங்குகிறவன் ஒதுங்க வேண்டும். இன்று பகலில் நாங்கள் பலமுறை ஒதுங்கினோம். நண்பகலுக்குள் மூன்று மணி நேரத் தாமதம்.

காட்சிப் பயணம் என்று விளம்பரப்படுத்தப்படும் இந்த ரயிலில், இன்றைய பகலைப் பற்றி எந்த விளம்பரத்திலும் பெரிதாக இல்லை. 1990 ஜனவரிக்கு முன் ‘கனேடியன்’ தெற்கே சுப்பீரியர் ஏரிக்கரையை ஒட்டிச் சென்று, பின்னர் கால்கரி, பான்ஃப் வழியே மலையேறியது. செலவுக் குறைப்பில் அந்த வழி கைவிடப்பட்டு, வடக்கே காட்டுக்குள் செல்லும் இந்தப் பாதைக்கு மாற்றப்பட்டது. பழைய வழியை நினைத்து இன்றும் பெருமூச்சு விடுபவர்கள் உண்டு. ஆனால் ஒன்டாரியோ மாகாணத்தைக் கடக்கவே ஒரு முழுப் பகலும் ஓர் இரவும் தீர்ந்து, அதன் பிறகும் அது தீராமல் நீளும்போதுதான் இந்த நாட்டின் அளவு உடம்புக்குத் தெரிகிறது. ஏரிகள் இரண்டரை லட்சம் என்பார்கள். பிர்ச் இலைகள் மஞ்சளாகிவிட்டன. மஸ்கெக் எனப்படும் சதுப்பு நிலங்களில் டாமராக் மரங்களும் பொன்னிறம் ஏறத் தொடங்கியுள்ளன. இருப்புப் பாதை போட்டவர்கள் வண்டி வண்டியாகக் கல்லைக் கொட்டிக் கொட்டி இந்தச் சதுப்பில் இழந்திருக்கிறார்கள்.

பிற்பகலில் ரயில் மறுபடியும் நின்றது. இம்முறை கிராசிங் இல்லை. முன்கூட்டியே சொல்லி வைத்தால், நிலையமே இல்லாத இடத்திலும் இந்த ரயில் நிற்கும். முன்னால் இருந்த சரக்குப் பெட்டியின் கதவு திறந்தது. பணியாளர் இருவர் ஒரு பச்சை நிறக் கனூ படகின் மூக்கைப் பிடித்து மெல்ல வெளியே தள்ள, கீழே நின்ற நடுவயதுக் கணவனும் மனைவியும் அதைத் தோளில் வாங்கிச் சரளைக் கற்களின் மேல் இறக்கினர். பின்னர் துடுப்புகள், இரண்டு நீலப் பீப்பாய்கள், தார்ப்பாயில் சுற்றிய ஒரு மூட்டை. எல்லாம் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ரயில் நகர்ந்தபோது அந்த அம்மாள் பொருள்களைச் சரிபார்ப்பதில் மும்முரமாக இருந்தார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சாலையே இல்லாத இந்தக் காட்டில் இது சுற்றுலா ரயிலும் பேருந்தும் ஒருசேர என்று அப்போது விளங்கியது.

செப்டம்பர் 26, வெள்ளிக்கிழமை

வின்னிபெக்கை நள்ளிரவு தாண்டித்தான் தொட்டோம். நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் நிலையத்தில் பங்காற்றிய வாரன் அண்ட் வெட்மோர் கட்டடக் கலைஞர்களே வடிவமைத்த அந்த நிலையத்தின் குவிமாடத்தைத் தூக்கக் கலக்கத்தில் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்து படுத்துவிட்டேன்.

தாமதத்தின் முதல் பலன் காலையில் கிடைத்தது. அட்டவணைப்படி இருட்டில் கடந்திருக்க வேண்டிய மெல்வில் நகரத்தை வெயில் ஏறிய பின் கடந்தோம். கிராண்ட் டிரங்க் பசிபிக் என்னும் நிறுவனம் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தப் புல்வெளிப் பாதையைப் போட்டபோது, ஊர்கள் பல இன்னும் பிறக்கவில்லை. நிலையம் முதலில், ஊர் பிறகு. பெயர் தேடிக் களைத்தவர்கள் ஆங்கில எழுத்து வரிசையைப் பிடித்துக்கொண்டார்கள். மெல்விலுக்கு அப்பால் ஃபென்வுட், குடீவ், ஹப்பார்ட், இட்யூனா, ஜாஸ்மின், கெல்லிஹர் என எஃப் முதல் கே வரை ஒழுங்காக வருகிறது. இடையிடையே வரிசைக்கு அடங்காத ஊர்களும் உண்டு. பிற்பாடு வாட்ரஸ், ஸீனா, யங், ஸெல்மா என்று இசட்டில் முடிந்து, அடுத்த நிலையமே ஆலன் என மறுபடி ஏயில் தொடங்குகிறது. மேல்தளத்தில் கண்ணாடிக் கூரை வைத்த குவிமாடப் பெட்டியில் உட்கார்ந்து பெயர்ப் பலகைகளை எதிர்பார்த்திருப்பது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. சில இடங்களில் பலகை மட்டும் இருக்கிறது, ஊர் இல்லை.

மெல்வில் மட்டும் அந்த வரிசைக்கு வெளியே நிற்கிறது. நிறுவனத்தின் தலைவர் சார்லஸ் மெல்வில் ஹேஸின் பெயர் அது. பாதை முடியும்முன், 1912 ஏப்ரலில், டைட்டானிக் கப்பலோடு அவர் மூழ்கிப் போனார். அவருடைய நிறுவனமும் நீடிக்கவில்லை. அதற்குப் போட்டியாகக் கனேடியன் நார்தர்ன் என்ற இன்னொரு நிறுவனம் ஏறத்தாழ இதே திசையில் தன் பாதையைப் போட்டது. மலைப்பகுதியில் இரண்டும் பல மைல்களுக்கு அருகருகே ஓடின. இரண்டையும் தாங்கும் அளவுக்குச் சரக்கோ ஆட்களோ அப்போது இல்லை. இரண்டும் நொடித்துப் போக, அரசே எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அருகருகே ஓடிய பாதைகளில் ஒன்றைப் பெயர்த்து, முதல் உலகப் போரின்போது தண்டவாளங்களைப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். தனியார் பேராசையும் அரசின் கடன் உத்தரவாதமும் கைகோத்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்தப் புல்வெளியைவிட நீளமான உதாரணம் கிடைப்பது அரிது.

அறுவடை முடியும் தறுவாயில் இருந்தது. வெட்டிய கோதுமைத் தாள்கள் தொடுவானம் வரை வெளிறிய மஞ்சளாகக் கிடக்க, அவற்றின் நடுவே தானியக் கிடங்குகள் கோபுரம்போல் எழுந்து நின்றன. பழைய மரக் கிடங்குகள் அருகிவிட்டன. இப்போது இருப்பவை பெரும்பாலும் கான்கிரீட் உருளைகள். ஆலன் அருகே தரைக்கு மேலே தெரிவது ஆலைக் கட்டடங்கள் மட்டுமே; சரக்கு முழுவதும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. பண்டைக் கடல் வற்றிப் படிந்த பொட்டாஷ் உப்பு அது. உலகச் சந்தைக்குப் பொட்டாஷ் உரம் அனுப்புவதில் இந்தச் சஸ்காச்சுவான் மாகாணத்தை மிஞ்ச ஆளில்லை. நேற்று எங்களை ஒதுக்கி நிறுத்திய ரயில்கள் எவற்றைச் சுமந்து ஓடுகின்றன என்பதற்கு இன்று பாதி விடை கிடைத்தது.

கடிகாரத்தை நேற்றிரவும் இன்று காலையும் ஒவ்வொரு மணி நேரம் பின்னுக்கு நகர்த்தினோம். சஸ்காச்சுவானில் கோடைக்காக யாரும் கடிகாரத்தைத் திருப்புவதில்லை என்பதால், ஆல்பர்ட்டா எல்லையில் மாற்ற வேண்டிய தேவை இருக்கவில்லை. ஊருக்கு ஊர் சூரியனைப் பார்த்து நேரம் வைத்த வழக்கத்தை 1883 நவம்பர் 18 அன்று ஒழித்து, மண்டல நேரத்தைக் கொண்டுவந்தவை வட அமெரிக்க ரயில் நிறுவனங்களே. அதற்காக வாதாடியவர்களில் முதன்மையானவர் சாண்ட்ஃபோர்ட் ஃப்ளெமிங் என்னும் பொறியாளர்.

செப்டம்பர் 27, சனிக்கிழமை

எட்மண்டன் தூக்கத்தில் போய்விட்டது. காலையில் மலைகள் தெரிந்தன. நண்பகலில் ஜாஸ்பர்.

அத்தபாஸ்கா ஆற்றுப் பள்ளத்தாக்கில் நுழைந்தபோதே குவிமாடப் பெட்டியில் பேச்சு அடங்கிவிட்டது. 2024 ஜூலையில் காட்டுத்தீ இந்தப் பள்ளத்தாக்கு வழியாக வந்து, நகரத்தின் கட்டடங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை அழித்தது. மலைச் சரிவு முழுதும் கரிய மரத்தண்டுகள் கிளையின்றி நிற்கின்றன. அவற்றின் அடியில் புதிய செடிகள் செம்மை படர்ந்து கிடக்கின்றன. 1925 இல் கட்டப்பட்ட ரயில் நிலையம் தப்பிவிட்டது. தாமதத்தால் இங்கே கிடைக்க வேண்டிய நீண்ட ஓய்வு சுருங்கியது. அதற்குள் நடந்து பார்த்த இரண்டு தெருக்களில், ஒரு புறம் பூந்தொட்டியோடு வீடுகளும் மறுபுறம் வேலியிட்ட வெற்று மனைகளும் இருந்தன. புகைப்படம் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அடுத்து யெல்லோஹெட் கணவாய். உயரம் 1,131 மீட்டர்தான். ராக்கி மலைகளைக் கடக்கும் வழிகளில் மிகத் தாழ்ந்தவற்றுள் ஒன்று. ஏறினோம் என்ற உணர்வே வரவில்லை. பசிபிக் கரையை எட்டும் முதல் பாதைக்கு இதையே பரிந்துரைத்தவர், நேற்று குறிப்பிட்ட அதே ஃப்ளெமிங். இரண்டு ஆண்டுகளில் ரயில் பாதை வேலையைத் தொடங்கிப் பத்து ஆண்டுகளில் முடிப்போம் என்ற வாக்குறுதியின் பேரில் பிரிட்டிஷ் கொலம்பியா 1871 இல் கனடாவோடு இணைந்திருந்தது. ஆனால் பாதை போட வந்த கனேடியன் பசிபிக் நிறுவனம் இந்தச் சாய்வான கணவாயை விட்டுவிட்டுத் தெற்கே செங்குத்தான மலைகளை முட்டிக்கொண்டு போனது. ஃப்ளெமிங்கின் கணவாய்க்கு ரயில் வர மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின.

கணவாயின் கிழக்கே பெய்யும் மழை ஆர்க்டிக் கடலுக்குப் போகிறது. மேற்கே பெய்வது ஃப்ரேசர் ஆற்றின் வழியே பசிபிக்குக்கு. மூஸ் ஏரியைத் தாண்டிச் சிறிது நேரத்தில் ராப்ஸன் மலை தோன்றியது. 3,954 மீட்டர், கனேடிய ராக்கியின் மிக உயர்ந்த சிகரம். பெரும்பாலான நாட்களில் மேகம் மூடியிருக்கும் என்று பணியாளர் எங்களை முன்பே தயார்ப்படுத்தியிருந்தார். மாலை வெயிலில் அடி முதல் முடி வரை தெரிந்தது. கிடைமட்டப் பாறை அடுக்குகள் தட்டுத்தட்டாக மேலே போய்ப் பனியில் முடிகின்றன. அந்தி நேரத்தில் பிரமிட் அருவியருகே ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தார். நீர் தண்டவாளத்துக்கு மிக அருகில் விழுகிறது. சன்னல் கண்ணாடியில் ஈரம் படிந்தது.

செப்டம்பர் 28, ஞாயிற்றுக்கிழமை

அட்டவணை சரியாக நடந்திருந்தால் ஃப்ரேசர் பள்ளத்தாக்கை இரவில் கடந்து, இந்நேரம் வான்கூவரில் சிற்றுண்டி சாப்பிட்டுக்கொண்டிருப்போம். விடியும்போது லிட்டனில் இருந்தோம். தெளிந்த தாம்ஸன் ஆறு கலங்கிய ஃப்ரேசரோடு சேருமிடம் அது. 2021 ஜூன் 29 அன்று 49.6 டிகிரி வெப்பம் பதிவாகிக் கனடாவிலேயே அதிகம் என்று பெயரெடுத்த அந்தச் சிற்றூர், மறுநாளே தீயில் எரிந்துபோனது.

அங்கிருந்து கீழே இரண்டு இருப்புப் பாதைகள் ஒரே பள்ளத்தாக்கைப் பங்கிட்டுக்கொள்கின்றன. 1880களில் முதலில் வந்த கனேடியன் பசிபிக் வசதியான கரையைப் பிடித்துக்கொண்டது. பின்னால் வந்தவர்களுக்கு மிச்சமிருந்த கரை. சிஸ்கோ என்னும் இடத்தில் இரு பாதைகளும் அருகருகே பாலம் போட்டுக் கரை மாற்றிக்கொள்கின்றன. எதிர்க்கரைப் பாதையின் கல் தாங்குசுவர்களையும் குடைவுகளையும் குவிமாடத்திலிருந்து நன்றாகப் பார்க்க முடிந்தது. இந்த மாகாணத்தில் அந்தப் பாதையைப் போட்டவர்களுள் பெரும்பாலோர் சீனத் தொழிலாளர்கள். பதினைந்தாயிரம் பேருக்குக் குறையாது. வெள்ளையரைவிடக் குறைந்த கூலி, வெடிவேலையில் முதல் பலி. பாதை முடிந்த 1885 ஆம் ஆண்டிலேயே சீனர்கள் நாட்டுக்குள் வர ஆளுக்கு 50 டாலர் தலைவரி விதித்தார்கள். 1903 இல் அது 500 டாலராயிற்று. அரசு மன்னிப்புக் கேட்டது 2006 இல்.

ஹெல்ஸ் கேட்டில் ஆறு சுமார் 35 மீட்டர் அகலத்துக்கு நெருக்கப்படுகிறது. நாங்கள் போகும் பாதைக்காகப் பாறை உடைத்தபோது 1914 இல் ஏற்பட்ட சரிவு ஆற்றை அடைத்து, சால்மன் மீன்கள் மேலேறும் வழியைக் கெடுத்தது. அவற்றுக்கெனக் கான்கிரீட் வழித்தடம் 1940களில்தான் அமைக்கப்பட்டது. இந்த இடத்தை இருட்டில் கடக்கும்படி யார் அட்டவணை போட்டார்களோ தெரியவில்லை. எங்களைத் தாமதப்படுத்திய ஒவ்வொரு சரக்கு ரயிலுக்கும் இங்கே மனத்துக்குள் நன்றி சொன்னேன்.

பிற்பகல் இரண்டு மணியளவில் வான்கூவரை அடைந்தோம். இப்போது இந்தப் பள்ளத்தாக்கில் இரு நிறுவனங்களும் ஒப்பந்தம் செய்துகொண்டு, மேற்கு நோக்கும் ரயில்களை ஒரு கரையிலும் கிழக்கு நோக்குபவற்றை மறுகரையிலும் விடுகின்றன. எனவே எதிர்த்திசையில் வந்தால் அந்தச் சீனத் தொழிலாளர்கள் போட்ட பாதையின் மேலேயே போகலாம். வான்கூவரிலிருந்து பிற்பகல் மூன்று மணிக்குப் புறப்படும் ரயிலில், நெடும்பகல் கொண்ட ஜூன் மாதத்தில், ஹெல்ஸ் கேட் வரைக்கும் வெளிச்சம் இருக்கும். அடுத்த முறை அந்தப் பக்கமிருந்துதான்.