பத்து மீட்டர் தள்ளி: புவிண்டி காட்டில் கொரில்லா பார்த்துவந்த கதை

கொரில்லா பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும் எல்லாரும் கேட்டது, "அடிச்சுப் போட்டுராதா?" என்றுதான். நம்மால் அதற்கு என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அங்கே போய் இறங்கிய பிறகு பார்த்தால், நமக்குச் சொல்லப்படும் விதிகளில் முக்கால்வாசி அதைப் பற்றியவைதான். போக நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன்.

உகாண்டாவின் தென்மேற்கு மூலையில், காங்கோ எல்லையை ஒட்டி இருக்கிறது புவிண்டி தேசியப் பூங்கா. மலைக் கொரில்லாக்கள் உலகத்திலேயே இரண்டு இடங்களில்தான் உண்டு. ஒன்று இந்தக் காடும் அதை ஒட்டிய பகுதியும். இன்னொன்று ருவாண்டா, உகாண்டா, காங்கோ மூன்றும் சந்திக்கும் விருங்கா எரிமலைத் தொடர். 2018 கணக்கெடுப்பில் இந்தப் பக்கம் 459, அதற்குச் சற்று முன் எடுத்த கணக்கில் விருங்காவில் 604. எந்த மிருகக்காட்சி சாலையிலும் மலைக் கொரில்லா கிடையாது.

அக்கா அத்தானோடு உகாண்டா தலைநகர் கம்பாலாவில் இருக்கிறாள். அதனால் எனக்குப் பாதி வேலை மிச்சம். முதலில் பெர்மிட். உகாண்டா வனவிலங்கு ஆணையம் கொடுப்பது. 2024 ஜூலையிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்கு 800 டாலர். ருவாண்டாவில் 2017 முதலே 1,500 டாலர் என்பதால் இங்கே கூட்டம் வருகிறது. ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு ஒரு நாளில் எட்டுப் பேர், ஒரே தடவை, ஒரு மணி நேரம். பதினைந்து வயது ஆகாதவர்களுக்கு அனுமதி இல்லை. பிள்ளைகளுக்கு வரும் தொற்றுகளும் அதற்கு ஒரு காரணம் என்கிறார்கள்.

பெர்மிட்டில் எந்தப் பகுதி என்று போட்டிருக்கும், கவனியுங்கள். புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ன்குரிங்கோ என்று நான்கு வாசல்கள். வரைபடத்தில் பக்கம் பக்கமாகத் தெரியும். மலைப்பாதையில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போக மணிக்கணக்காகும். எங்களுக்கு ருஷாகா. தங்குமிடத்தையும் அங்கேயே பார்த்துக்கொண்டோம்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி இல்லாமல் உகாண்டாவுக்குள் போக முடியாது. நான் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டேன். பாஸ்போர்ட்டோடு போக வேண்டும், பயணத்துக்குப் பத்து நாளாவது முன்னால் போட்டிருக்க வேண்டும். ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் செல்லும். அந்த அட்டையைத் திரும்பி வரும்போதும் பத்திரமாக வைத்திருங்கள். அது இல்லாவிட்டால் நம் ஊர் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்தி விடுவார்கள்.

கம்பாலாவிலிருந்து மசாகா, ம்பராரா, கபாலே வழியாக ஒரு முழுப் பகல் கார்ப் பயணம். கபாலே தாண்டியதும் குளிர். அங்கேதான் அக்காவுக்குத் தொண்டை கட்ட ஆரம்பித்தது. இரவு ருஷாகாவில் சாப்பிட உட்காரும்போது மூக்கும் ஒழுக ஆரம்பித்துவிட்டது.

எனக்கு மனசு கேட்கவில்லை. அவள் அங்கே வசிப்பவள், அவளுக்குக் கட்டணம் 700 டாலர். அதுவும் சும்மா வருகிற பணமா? "ஒரு மாத்திரையைப் போட்டுக்கோ, மாஸ்க்கைப் போட்டுக்கோ, காலையில சரியாயிடும்" என்றேன். அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. அக்காதான், "வேணாம்டா. எனக்கு இது ஜலதோஷம். கொரில்லாவுக்கு இது என்னவா முடியும்னு தெரியாது. நீங்க ரெண்டு பேரும் போய்ட்டு வாங்க" என்றாள்.

அவள் மிகைப்படுத்தவில்லை. 2009இல் ருவாண்டாவில் ஒரு கொரில்லாக் குடும்பத்தில் இருமலும் சளியும் பரவி, ஒரு பெண்ணும் ஒரு குட்டியும் செத்துப்போயின. பரிசோதித்தபோது கிடைத்தது மெட்டாநியூமோ வைரஸ். நமக்குச் சாதாரணச் சளி கொடுக்கிற மனித வைரஸ் அது. 1996இல் இதே புவிண்டியில் ஒரு குடும்பத்துக்குச் சொறி சிரங்கு வந்து ஒரு குட்டி இறந்தது. காட்டோரத்து மனிதர்களிடமிருந்து வந்திருக்கலாம் என்று கண்டார்கள். அந்தச் சம்பவத்தில் சிகிச்சை பார்த்த கால்நடை மருத்துவர் கிளாடிஸ் கலேமா-ஜிகுசோகா, பிறகு காட்டைச் சுற்றியிருக்கும் கிராமத்து மக்களின் ஆரோக்கியத்தைப் பார்த்துக்கொண்டால்தான் கொரில்லாவையும் காப்பாற்ற முடியும் என்று 2003இல் ஒரு அமைப்பே தொடங்கினார். மரபணுவில் அவ்வளவு நெருங்கிய சொந்தம் என்பதால் நம் நோய் அதற்கு எளிதில் ஒட்டும். ஆனால் நம் உடம்புக்குப் பழகிய கிருமி அதன் உடம்புக்குப் புதிது.

இப்படிக் கடைசி நேரத்தில் விலகினால் பணத்தில் என்ன திரும்பும், தேதி மாற்றித் தருவார்களா என்பதைப் பெர்மிட் எடுக்கும்போதே பயண முகவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். "பணம் போச்சே" என்ற நினைப்புதான் பலரை மாத்திரை போட்டு இருமலை அடக்கிக்கொண்டு உள்ளே போக வைக்கிறது.

காலை எட்டு மணிக்குள் பூங்காவின் கூடத்தில் இருக்க வேண்டும். காய்ச்சல் பார்த்தார்கள், கையைச் சுத்தம் செய்யச் சொன்னார்கள், குழு பிரித்தார்கள். எந்தக் குடும்பம் என்பது அப்போதுதான் தெரியும். தூரமாக நடக்க முடியாதவர்கள் அங்கேயே சொல்லிவிடலாம். பக்கத்தில் இருக்கும் குடும்பமாகப் பார்த்துக் கொடுக்க முயற்சி செய்வார்கள். கைடு ஒரு பெண், நாற்பது வயதிருக்கும். சிரித்த முகமாகப் பேசினாலும் விதி சொல்லும்போது சிரிப்பில்லை. பத்து மீட்டர் இடைவெளி. முன்பு ஏழாக இருந்தது. கொரோனாவுக்குப் பிறகு பத்து, மாஸ்க்கும் கட்டாயம். தும்மல் வந்தால் முகத்தைத் திருப்பி முழங்கையில். எச்சில் துப்பக் கூடாது. ஃபிளாஷ் கூடாது. கொரில்லா இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் சாப்பிடவோ குடிக்கவோ கூடாது. காட்டுக்குள் ஒதுங்க வேண்டி வந்தால் கைடிடம் சொல்லி, முப்பது சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி மூட வேண்டும். எங்கள் குழுவில் சிலர் நெளிந்தார்கள். எனக்கு அதுதான் எல்லாவற்றிலும் புரிகிற விதியாக இருந்தது.

போர்ட்டர் வைத்துக்கொள்ளுங்கள், பை கனமில்லை என்றாலும். பக்கத்துக் கிராமத்துக்காரர்கள், முறை வைத்து வருகிறார்கள். 1991இல் இது தேசியப் பூங்கா ஆனபோது காட்டையே வீடாகக் கொண்டிருந்த பட்வா மக்களை வெளியே அனுப்பிவிட்டார்கள். சுற்றியிருக்கும் மற்றவர்களும் விறகுக்கும் வேட்டைக்கும் உள்ளே போக முடியாமல் ஆனது. கொரில்லாவால் அந்த ஊருக்கு வருகிற காசில் கையில் நேராகப் போய்ச் சேருவதில் இந்தக் கூலியும் ஒன்று. தவிர, அந்தச் சரிவில் என் கையைப் பிடித்து இழுத்தது என் போர்ட்டர் தம்பிதான். இல்லாவிட்டால் சேற்றோடு சேர்ந்து கீழே போயிருப்பேன்.

நடை பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. மேலே, கீழே, சேறு. பேண்ட்டைச் சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள், எறும்பு ஏறும். தோட்ட வேலைக்கான கையுறை இருந்தால் காஞ்சொறி போன்ற செடிகளிடமிருந்து தப்பலாம். நமக்கு முன்னாலேயே விடியற்காலையில் தடம் பார்ப்பவர்கள் போய்விடுகிறார்கள். முந்தைய நாள் கொரில்லாக்களை விட்டுவந்த இடத்தில் தொடங்கி, அவை இரவு தூங்கிய இலைப்படுக்கைகளைக் கண்டுபிடித்து, அங்கிருந்து பின்தொடர்கிறார்கள். வயர்லெஸ்ஸில் தகவல் வந்ததும் எங்கள் நடை வேகம் பிடித்தது.

கிட்டே வந்ததும் பை, ஊன்றுகோல், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் போர்ட்டர்களிடம் விட்டுவிட வேண்டும். மாஸ்க் ஏறியது. கேமராவும் போனும் மட்டும் கையில்.

முதலில் தெரிந்தது ஒரு கை. கொடியை வளைத்து இழுக்கும் கறுப்புக் கை. பிறகு சத்தம், இலையை உருவி மெல்லுகிற சத்தம். கைடு தொண்டைக்குள் "ம்ம்ம்... ம்ம்" என்று உறுமிக் காட்டினார், சண்டைக்கு வரவில்லை என்று அவற்றின் பாஷையில் சொல்வதாம். உள்ளிருந்து அதே மாதிரி பதில் வந்தது. இந்த நிலைமைக்கு அவற்றைப் பழக்க ஆண்டுக்கணக்கில் தினமும் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆட்களைக் கண்டால் ஓடாத அளவுக்குப் பழக்கியாயிற்று; வேட்டைக்காரன் வந்தாலும் ஓடாது என்பதும் அதற்குள் அடக்கம். 2020இல், கொரோனாவால் பயணிகள் நின்றுபோயிருந்த மாதங்களில், ன்குரிங்கோ பக்கம் ராஃபிகி என்ற முதுகு நரைத்த ஆண் கொரில்லாவை ஈட்டியால் கொன்றார்கள். குற்றவாளிக்குப் பதினோரு ஆண்டு சிறை கிடைத்தது.

பத்து மீட்டர் என்பது கூடத்தில் சொல்லும்போது சுலபம். காட்டில் ஆறு மீட்டருக்கு மேல் கண்ணுக்கே எதுவும் தெரியாத இடங்கள் உண்டு. நாம் நிற்கிற இடத்துக்கு அதுவாக நடந்து வரும். எங்களுக்கும் வந்தது. இரண்டு மூன்று வயதுக் குட்டி ஒன்று கொடியிலிருந்து இறங்கி நேராக அத்தானைப் பார்த்து வந்தது. அத்தான் சிலையாக நின்றுவிட்டார். கைடு அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து மெல்ல இழுத்தார். மொத்தக் குழுவும் பின்வாங்கியது. குட்டியின் அம்மா தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பவும் இலையைத் தின்னத் தொடங்கியது.

இதற்கு நடுவில்தான் எங்கள் குழுவில் ஒருவர் மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு, கொரில்லாவுக்கு முதுகைக் காட்டிச் செல்ஃபி எடுக்கப் பார்த்தார். கைடு தடுத்ததும், மடித்த டாலர் நோட்டைக் காட்டி இன்னும் இரண்டடி முன்னால் விடச் சொன்னார். கைடு நோட்டையே பார்க்கவில்லை. "மாஸ்க், ப்ளீஸ்" என்றார், அவ்வளவுதான். எல்லாராலும் அப்படி மறுக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் வருமானத்தில் டிப்ஸுக்குப் பெரிய இடமுண்டு. கிட்டே விட்டால் பயணி மகிழ்வார், மகிழ்ந்தால் கூடக் கொடுப்பார். இன்ஸ்டாகிராமில் வந்த நூற்றுக்கணக்கான மலைக் கொரில்லாப் படங்களை ஆக்ஸ்ஃபோர்டு புரூக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்ததில், 86 சதவீதத்தில் ஆட்கள் நான்கு மீட்டருக்குள் இருந்தார்கள். விதி தெரியாமல் அவ்வளவு பேர் நின்றிருக்க முடியாது.

முதுகு நரைத்த பெரிய ஆண் ஒருமுறை எழுந்து மார்பில் அறைந்துகொண்டு நாலடி ஓடிவந்தது. ஓடக் கூடாது, கண்ணைப் பார்க்கக் கூடாது, குனிந்து உட்கார வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். செய்தோம். அதுவும் நின்று, பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்துகொண்டது. என் முட்டி மட்டும் வெகுநேரம் ஆடியது.

மணி முடிந்ததும் கைடு கையைக் காட்டினார். நன்றாகத் தெரியும் இடத்துக்கு அப்போதுதான் வந்திருந்தன. "அஞ்சு நிமிஷம்" என்று யாரோ கெஞ்சினார்கள். கிடைக்கவில்லை.

கீழே வந்ததும் டிப்ஸ் கொடுக்கும்போது அத்தான் கைடிடம் நேராகவே சொன்னார்: "என் சட்டையைப் பிடிச்சு இழுத்தீங்களே, அதுக்குத்தான் இது." கைடுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. விடியற்காலையிலேயே போயிருந்த தடம் பார்ப்பவர்களுக்கும் இதில் பங்கு போகுமா என்று கேட்டோம். அவர்களுக்குத் தனியாகக் கொடுங்கள் என்று அவரே ஆளைக் கூப்பிட்டுவிட்டார். கருத்துப் பதிவேட்டில் அவர் பெயரைப் போட்டு, கண்டிப்பாக இருந்தார் என்று எழுதினோம். அப்படி எழுதுகிறவர்கள் குறைவாம். கிட்டே விடவில்லை என்று எழுதுகிறவர்கள்தான் அதிகமாம்.