கொச்சிக்கடை அந்தோனியாரைக் காண ஒரு வெள்ளிக்கிழமை

ஹட்டனுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் வாழும் என் பெரியம்மா, சென்ற ஆண்டு தம் பேரனின் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தைத் தவறவிட்டுவிட்டார். அவனுக்கு அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டிய வயது. பிரதி ஒன்று எடுத்துக்கொள்ளலாம் என்று நாங்கள் எவ்வளவு சொல்லியும் அவர் மனம் ஆறவில்லை. 1948 ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட குடும்பம் எங்களுடையது; தம் தகப்பனார் பத்திரங்களைத் துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொண்டு உறங்கியதைப் பார்த்து வளர்ந்தவர் பெரியம்மா. நெற்றி நிறையத் திருநீறு பூசும் அவர், மாரியம்மனிடம் முறையிட்ட கையோடு, தொலைந்ததை மீட்டுத் தருபவர் என்று எல்லாச் சமயத்தவரும் நம்புகின்ற, கொழும்பு கொச்சிக்கடைத் திருத்தலத்துப் புனித அந்தோனியாரிடமும் நேர்ந்துகொண்டார். பத்து நாள் கழித்து, பழைய பால்மா டின்னின் அடியில், மடித்த சேலைத் துண்டுக்குள் பத்திரம் கிடைத்தது. "கொச்சிக்கடைக்கு வந்து மெழுகுதிரி கொளுத்துறேன்னு சொல்லிட்டேன் தம்பி, என்னைக் கூட்டிட்டுப் போ" என்று தொலைபேசியில் அவர் சொன்னபோது, கடனை வைத்துக்கொண்டு உறங்க முடியாதவரின் தவிப்பு அந்தக் குரலில் இருந்தது.

கொழும்பில் இத்தனை ஆண்டுகள் வாழ்ந்தும் நான் அவரைச் செவ்வாய்க்கிழமையில் அழைத்துப்போனேன். செவ்வாய் அந்தோனியாரின் நாள், நேர்த்தியை அன்றைக்குத்தான் செலுத்த வேண்டும் என்பதைத் தவிர வேறு எதையும் நாங்கள் இருவரும் எண்ணிப்பார்க்கவில்லை. புறக்கோட்டையிலிருந்து முச்சக்கரவண்டியில் போய் இறங்கியபோது காலை ஒன்பது மணி. திருத்தலத்தின் வாயிலில் பைகளைச் சோதிக்கும் இடத்திலிருந்து தொடங்கிய வரிசை வீதியோரமாக நீண்டு கிடந்தது. கைக்குழந்தையை மாறி மாறித் தூக்கி நின்ற இளந்தம்பதியர், பள்ளிச் சீருடையோடு வந்த பிள்ளைகள், சிங்களத்தில் செபமாலை சொல்லிக்கொண்டிருந்த மூதாட்டிகள், பொட்டும் பூவுமாக வந்த எம்மவர்கள் என்று எல்லாரும் அந்த ஒரே வரிசையில் நின்றார்கள். துறைமுகத்திலிருந்து வீசும் காற்று அந்த வீதிக்குள் நுழைவதே இல்லை. முக்கால் மணி நேரத்தில் பெரியம்மாவின் முழங்கால் வீங்கிவிட்டது. முகம் வெளிறி, என் தோளைப் பிடித்த கை நடுங்கத் தொடங்கியது. வாங்கி வைத்திருந்த மெழுகுதிரிகள் வெயிலில் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. வாயிலுக்கு இருபது முப்பது பேர் மட்டுமே இருந்த நிலையில் நாங்கள் வரிசையை விட்டு விலகினோம்.

உடனே வீட்டுக்குத் திரும்ப மனம் வராமல், அருகில் கொட்டாஞ்சேனையில் இருக்கும் புனித லூசியா பேராலயத்துக்கு அவரை அழைத்துச் சென்றேன். வெளியூரிலிருந்து வருவோர் பலர் இவ்விரண்டையும் ஒன்றென மயங்குவதுண்டு. கொச்சிக்கடையிலிருப்பது திருத்தலம், கொழும்புப் பேராயரின் ஆசனம் அமைந்திருக்கும் பேராலயம் லூசியாவே. ஒல்லாந்தர் காலத்தில் ஓலைக்கூரை வேய்ந்த சிற்றாலயமாகத் தொடங்கிய அது, இன்று பருத்த தூண்களும் வானளாவிய குவிமாடமுமாக நிற்கிறது. ஆயிரக்கணக்கானோர் அமரக்கூடிய அந்த மண்டபத்தில் அன்று எங்களோடு சேர்த்து ஐந்தாறு பேர்தான் இருந்தோம். இவ்வளவு பழமையும் பெருமையும் உள்ள பேராலயம் அமைதியாகக் கிடக்க, நடை தூரத்தில் உள்ள திருத்தலத்தின் வாயிலில் மக்கள் வெயிலில் மயங்குகிறார்களே என்ற எண்ணம் எனக்கு அன்று வேதனை தந்தது. நேர்த்தி இல்லாமல் வெறுமனே செபிக்க விரும்புவோர், செவ்வாய்க் காலையில் லூசியாவுக்குப் போனால் தமக்கும் நல்லது, வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்கும் நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

அங்கே வாங்கில் அமர்ந்து தண்ணீர் குடித்தபின் பெரியம்மா கேட்ட கேள்விதான் எல்லாவற்றையும் மாற்றியது. "செவ்வாக்கிழமையில என்ன விசேஷம் தம்பி? அவரு பொறந்த நாளா?"

அந்தோனியார் லிஸ்பனில் 1195 ஆம் ஆண்டு பிறந்தவர். 1231 ஜூன் 13 ஆம் திகதி, தம் முப்பத்தாறாவது வயதில், பதுவா நகருக்கு அருகே இறைவனடி சேர்ந்தார். அது ஒரு வெள்ளிக்கிழமை. அவரது உடல் அடக்கம் செய்யப்பட்டது அதற்கடுத்த செவ்வாயன்று. அந்த நாளில் அவருடைய கல்லறையில் நோயாளர் பலர் குணமடைந்தனர் என்ற மரபிலிருந்தே செவ்வாய் பக்தியும் பதின்மூன்று செவ்வாய்களில் தொடர்ந்து செபிக்கும் நவநாளும் வளர்ந்தன. இதை நான் விளக்கியதும் அவர் சிறிது நேரம் விரல்களை மடித்து நாட்களை எண்ணினார். பிறகு, "அப்படின்னா அவரு சாமிகிட்டப் போனது வெள்ளிக்கிழமை. எனக்கும் வெள்ளிதான் விரத நாளு. வெள்ளிக்கிழமையே வருவோம்" என்று முடிவாகச் சொன்னார். சைவ வீட்டில் பிறந்த ஒரு மூதாட்டி, அந்தோனியாரின் இறப்பு நாளுக்கும் தம் அம்மன் விரதத்துக்கும் இடையில் கண்டெடுத்த அந்த வழியை மறுக்க எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

இடையில் கிடைத்த பத்து நாட்களில், கொச்சிக்கடைக்கு நெடுங்காலமாகப் போய்வரும் அயலவர்களிடம் விசாரித்தும், நானே இரு முறை போய்ப் பார்த்தும் சில விடயங்களைத் தெரிந்துகொண்டேன். ஆண்டில் எந்த நாளும் பக்தர் இல்லாமல் அந்த வாசல் இருப்பதில்லை. ஆயினும் செவ்வாய்க்கும் மற்ற வாரநாளுக்கும் உள்ள வேறுபாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ளது போன்றது. ஞாயிறு திருப்பலிக்குரிய நாள் என்பதால் அன்றும் நெருக்கம் இருக்கும். ஜூன் மாதத் தொடக்கத்தில் திருவிழா நவநாட்கள் நடைபெறும். 12 ஆம் திகதி மாலை ஆராதனையும் 13 ஆம் திகதித் திருவிழாவும் சுரூப பவனியும் அந்தப் பகுதி முழுவதையும் நிரப்பிவிடும். பெருவிழாவின் ஆரவாரத்தில் கலந்து செபிக்க விரும்புவோர் அப்போது போகலாம். முதியவரை அழைத்துக்கொண்டு அமைதியாக நேர்த்தி செலுத்த விரும்புவோர் அந்த நாட்களைத் தவிர்க்க வேண்டும். ஏப்ரல் 21 ஆம் திகதியும் அவ்வாறே. அது 2019 இல் இங்கே வெடித்த குண்டில் உயிரிழந்தோரின் உறவினர்கள் கூடும் நாள்.

நாளைவிட நேரம் முக்கியமானது என்பதை நான் நேரில் கண்டேன். திருப்பலி முடிந்து இறுதி ஆசீர் கொடுத்த மறு நிமிடம், உள்ளே இருந்த அத்தனை பேரும் அந்தோனியாரின் சுரூபம் இருக்கும் கண்ணாடிப் பேழையை நோக்கித் திரும்புகிறார்கள். அந்த அரை மணி நேரம்தான் வரிசை மிக நீளமாகிறது. ஆகவே திருப்பலியில் பங்குகொள்ள வருபவர்கள், அது தொடங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே வந்து முதலில் பேழையைத் தரிசித்துவிட்டுப் பின் போய் அமர்வது நல்லது. தரிசனத்துக்கு மட்டும் வருபவர்கள் இரண்டு திருப்பலிகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் வரலாம். தமிழ், சிங்களம், ஆங்கிலம் என்று மூன்று மொழிகளிலும் வழிபாடுகள் நடப்பதால், எந்த மொழி எப்போது என்பதை முதல் நாளே கேட்டு அறிந்துகொள்ள வேண்டும். வாயிலில் தாமதம் ஏற்படுவது பெரும்பாலும் பைச் சோதனையால்தான். வெறுங்கையோடு வந்தவர் நிமிடத்தில் உள்ளே போய்விடுகிறார். பயணப்பையோடு வந்தவருக்காக அவர் பின்னால் நிற்பவர்கள் எல்லாரும் காத்திருக்கிறார்கள். மெழுகுதிரியையும் ஒரு தண்ணீர்ப் போத்தலையும் மட்டும் எடுத்துச் சென்றால் போதும்.

ஒன்றை மட்டும் நான் செய்ய மறுத்தேன். தெரிந்தவர் ஒருவர் மூலம் பக்கவாயிலால் பெரியம்மாவை உள்ளே அனுப்பலாம் என்று ஒரு நண்பர் அன்போடு முன்வந்தார். நடக்கவே இயலாதவர்களுக்கு உதவி கேட்பது நியாயம்; பெரியம்மாவோ வேறொரு நாளில் நடந்தே போகக்கூடியவர். தொலைவிலிருந்து விடுப்பெடுத்து, அந்த ஒரு செவ்வாயை மட்டுமே நம்பி வந்து வெயிலில் நிற்கும் ஒரு தாயை முந்திக்கொண்டு போய் அந்தோனியாரின் முன் நிற்க எனக்கு மனம் இடங்கொடுக்கவில்லை. கொழும்பிலேயே இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு வாரத்தில் மற்ற ஆறு நாட்களும் திறந்தே இருக்கின்றன. செவ்வாயை அவர்களுக்கு விட்டுக்கொடுப்பதையும் அந்தோனியார் காணிக்கையாக ஏற்பார் என்றே நம்புகிறேன்.

அந்த வெள்ளிக்கிழமை காலை ஆறேகாலுக்கு நாங்கள் வாயிலில் நின்றபோது எமக்கு முன்னால் நால்வர் மட்டுமே இருந்தார்கள். பெரியம்மா குளித்துத் திருநீறு பூசி, மஞ்சள் கரையிட்ட வெள்ளைச் சேலை உடுத்தியிருந்தார். ஒரு சிறிய பூமாலை, ஐந்து மெழுகுதிரிகள், பிளாஸ்டிக் உறைக்குள் அந்தப் பிறப்பு அத்தாட்சிப் பத்திரம். வேறொன்றும் அவர் கையில் இல்லை.

உள்ளே நுழையும் இடத்திலேயே கண்ணாடிப் பேழைக்குள் அந்தோனியாரின் சுரூபம் இருக்கிறது. அவருடைய நாவின் சிறு பகுதி திருப்பண்டமாக அதே பேழையில் வைக்கப்பட்டிருக்கிறது. அவர் இறந்து முப்பத்திரண்டு ஆண்டுகளின் பின், 1263 இல், கல்லறையைத் திறந்தபோது உடல் மண்ணாகிப்போயிருக்க நாக்கு மட்டும் அழியாமல் இருந்ததைக் கண்டார்கள் என்பது திருச்சபையின் வரலாறு. இறைவார்த்தையை அன்றி வேறொன்றையும் உரைக்காத நாக்கு என்று நான் மெல்லச் சொன்னேன். பெரியம்மா உறையை இரு கைகளாலும் ஏந்திக் கண்ணாடியோடு சேர்த்து வைத்தார். பிறகு அதன்மேல் நெற்றியைச் சாய்த்தார். அவர் மூச்சுக் காற்றில் கண்ணாடி பனித்து, தெளிந்து, மீண்டும் பனித்தது. பின்னால் எவரும் தள்ளவில்லை. நகருங்கள் என்று எவரும் சொல்லவில்லை. அவர் தலையை எடுத்தபோது கண்ணாடியில் ஒரு திருநீற்றுக் கீற்று படிந்திருந்தது. அவரே பதறிச் சேலைத் தலைப்பால் துடைக்கப் போனார். அருகில் செபமாலையோடு நின்ற ஒரு சிங்கள அம்மா அவர் கையைப் பிடித்து, பரவாயில்லை என்பதுபோலத் தலையசைத்தார்.

மெழுகுதிரிகளை ஏற்றியபின் நீண்ட நேரம் அமர்ந்திருந்தோம். அந்தத் தலத்தின் கதையை அப்போதுதான் அவருக்கு ஆறுதலாகச் சொல்ல முடிந்தது. ஒல்லாந்தர் 1656 இல் கொழும்பைப் போர்த்துக்கேயரிடமிருந்து கைப்பற்றியபின் கத்தோலிக்கக் குருக்கள் மறைந்து வாழ வேண்டியிருந்தது. கொச்சியிலிருந்து வந்த அந்தோனியோ என்ற குரு, வணிகரின் வேடத்தில் இந்தப் பகுதியில் பணியாற்றினார். ஒல்லாந்தர் அவரைத் தேடிவந்த வேளையில், கரையைக் கடல் அரித்துக்கொண்டிருந்ததால் கலங்கி நின்ற மீனவர்கள் அவரிடம் ஓடிவந்தார்கள். அவர் கடற்கரையில் சிலுவையை நட்டு மூன்று நாள் செபித்தார். கடல் பின்வாங்கி மணல் திட்டு எழுந்தது என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. அந்த மண்ணில் அவர் எழுப்பிய மண்சுவர்க் கோயிலே இத்தலத்தின் தொடக்கம். ஆங்கிலேயர் காலத்தில், 1806 இல் ஆளுநர் தோமஸ் மெயிட்லண்ட் கத்தோலிக்கர் மீதிருந்த தடைகளை நீக்கினார். 1822 இல் கோவாவிலிருந்து அந்தோனியாரின் சுரூபம் கொண்டுவரப்பட்டது. 1828 இல் அடிக்கல் நாட்டப்பட்ட பெரிய ஆலயம் 1834 இல் நேர்ந்தளிக்கப்பட்டது. "ஒளிஞ்சு ஒளிஞ்சு சாமி கும்பிட்டிருக்காங்க" என்று பெரியம்மா தமக்குள் சொல்லிக்கொண்டார். பத்திரத்தை மடியில் வைத்து வருடிக்கொண்டே அதைச் சொன்னார்.

வெளியேறும் முன், 2019 ஏப்ரல் 21 உயிர்த்த ஞாயிறன்று காலை 8.45 க்கு இங்கே வெடித்த குண்டில் உயிரிழந்தோரின் பெயர்கள் பொறிக்கப்பட்ட நினைவுக்கல்லின் முன் நின்றோம். கடற்படையினர் ஆலயத்தைச் சீரமைத்து, திருவிழாவுக்கு முதல் நாளான ஜூன் 12 ஆம் திகதி அது மீண்டும் திறக்கப்பட்டது. செவ்வாய்க் கூட்டத்தில் நெருக்குண்டு வருபவர்கள் பலர் இந்தக் கல்லை ஒரு கணம் பார்த்துவிட்டுக் கடந்துபோவதை நான் முன்னர் கண்டிருக்கிறேன். நானும் அப்படிக் கடந்து போயிருக்கிறேன். அன்று எமக்கு நேரம் இருந்தது. "வாசி தம்பி" என்றார் பெரியம்மா.

நான் முதல் பெயரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக வாசித்தேன். ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வந்த இடங்களில் என் குரல் தடுமாறியது. ஒவ்வொரு பெயருக்கும் பெரியம்மா ஒரு முறை கைகூப்பினார். பாதியில் முழங்கால் வலிக்கிறதா என்று கேட்டேன். "இல்ல, நீ வாசி" என்று சொல்லி, சுவரைப் பிடித்துக்கொண்டு கடைசிப் பெயர் வரை நின்றார்.