குயவனும் புற்றும்: கடவுளுக்கு ஏது கேட்ட வழக்கு

கடவுள் உண்டா என்ற பேச்சு எழுந்தால் "நம்பினால்தான் தெரியும்" என்கிறார் ஒருவர், "ஆதாரம் காட்டு" என்கிறார் மற்றவர். எதை ஆதாரமாக ஏற்பது என்பதை மட்டும் இருவரும் தொடுவதில்லை. நம் பழைய நூல்களில் வழக்கு அங்கேதான் தொடங்குகிறது. ஆதாரத்துக்கு அவர்கள் வைத்த பெயர் அளவை. பௌத்தக் காப்பியமான மணிமேகலையின் 27ஆம் காதையில், வஞ்சி நகரில், அளவைகளை ஆராயும் அளவைவாதி மூன்று ஆசிரியர்களின் கணக்கைச் சொல்கிறான்: வேதவியாதன் பத்து என்பான், கிருதகோடி எட்டு என்பான், சைமினி ஆறு என்பான். பௌத்தருக்குக் காண்டலும் (நேரில் காண்பது) கருதலும் (கண்டதைக்கொண்டு காணாததை ஊகிப்பது) ஆக இரண்டே போதும். பூதங்களுக்கு அப்பால் எதையும் ஏற்காத பூதவாதிக்குக் கண்கூடு ஒன்றுதான். பின்னாளில் வந்த சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார் எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை (நம்பத்தக்க நூலின் சொல்) என்று மூன்றில் அடக்கியது. எண்ணிக்கை மாறினால் கடவுள் பற்றிய தீர்ப்பும் மாறும். ஆகவே இதைத் தீர்க்காமல் மேலே போவதில் பயனில்லை.

கடவுளைக் கண்ணால் காட்ட முடியாது என்பதில் யாருக்கும் சண்டை இல்லை. சண்டை முழுவதும் கருதலளவையில்தான். அதன் உறுப்புகளைப் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலையின் 29ஆம் காதையில் விளக்குகிறார். "இம்மலை நெருப்புடைத்து" என்பது பக்கம், அதாவது நிறுவ வேண்டிய கூற்று. "புகையுடைத்து ஆதலால்" என்பது ஏது, அதாவது அதற்கான காரணம். "அடுக்களை போல" என்பது திட்டாந்தம், அதாவது எடுத்துக்காட்டு. ஏது தேற மூன்று நிபந்தனைகள் உண்டு: பேசும் மலையில் புகை இருக்க வேண்டும், நெருப்புள்ள வேறு இடத்திலும் அது காணப்பட்டிருக்க வேண்டும், நெருப்பே இல்லாத குளத்தில் காணப்படக் கூடாது. இதில் எங்கெங்கே பிசகலாம் என்பதற்கும் பட்டியல் இருக்கிறது: பக்கப்போலி 9, ஏதுப்போலி 14, திட்டாந்தப்போலி 10. இன்றைய விவாத மேடைகளில் கேட்கும் தவறுகளில் பெரும்பாலானவற்றை இந்த 33க்குள் அடக்கிவிடலாம்.

13ஆம் நூற்றாண்டில் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார் கடவுளை இந்தச் சட்டத்துக்குள்ளேயே நிறுத்தினார். அவருடைய சிவஞான போதத்தின் 12 நூற்பாக்களும் மேற்கோள் (பக்கம்), ஏது, எடுத்துக்காட்டு என்றுதான் விரிகின்றன. முதல் நூற்பாவிலேயே வாதம் வந்துவிடுகிறது. அவன், அவள், அது என்று சுட்டப்படும் உலகம் தோன்றி, நின்று, ஒடுங்குகிறது. ஆகவே அது தோற்றுவிக்கப்பட்டது. அறிவில்லாத சடம் தானே ஒடுங்கித் தானே எழாது. ஆகவே ஒடுக்குகிறவனே முதல்வன். சித்தியார் இதற்குப் பானையைக் காட்டுகிறது: மண் முதற்காரணம், திரிகை (சக்கரம்) துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். உலகுக்கு மூலப்பொருளான மாயை மண், இறைவனின் ஆற்றலான சத்தி திரிகை, இறைவன் குயவன்.

"நம்பு" என்ற சொல் இதில் எங்கும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இதை வெறும் நம்பிக்கை என்று தள்ளுவது அநியாயம். ஆனால் சோதித்துப் பார்த்தாக வேண்டும்.

சோதனையில் மிகக் கூர்மையானது தர்மகீர்த்தி என்ற பௌத்தர் வைத்த தடை. மண்ணால் ஆன உருவம் எல்லாம் குயவன் செய்தது என்றால், புற்றும் மண்ணால் ஆன உருவம்தானே, அதையும் குயவன் செய்தானா? பானை வனையப்படுவதைக் கண்டிருக்கிறோம். அதனால் பானையைப் பார்த்ததும் குயவனைக் கருதுகிறோம். மலை வனையப்படுவதை யாரும் கண்டதில்லை. "உருவம் உடைமை" என்ற சொல் இரண்டுக்கும் பொருந்துகிறது என்பதற்காக ஒன்றின் காரணத்தை மற்றதற்கு ஏற்ற முடியாது. அடுத்த தடை உடம்பு. கண்ட குயவர் எல்லாருக்கும் கை கால் உண்டு. இறைவனுக்கு? அவன் திருமேனி வினையால் வந்தது அன்று, அருளால் வந்தது என்று சைவம் விடை சொல்கிறது. என் கணிப்பில் இந்த விடை இறைவனைக் காப்பாற்றுகிறது, எடுத்துக்காட்டைத்தான் பலவீனமாக்குகிறது. குயவனிடமிருந்து எவ்வளவு விலகுகிறோமோ அவ்வளவுக்குப் பானை சாட்சி சொல்லாது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒடுங்கிய உலகம் ஏன் மறுபடி தோன்ற வேண்டும்? உயிர்களைப் பிணித்த அழுக்கான மலம் கழிய, என்கிறது முதல் நூற்பா. மலம் கண்ணால் கண்டதும் அன்று, பானையிலிருந்து கருதியதும் அன்று. உரையளவையிலிருந்து, அதாவது சைவர் புனித நூலாகக் கொள்ளும் ஆகமத்திலிருந்து, கருதலளவைக்குள் கொண்டுவரப்பட்ட சரக்கு அது. நம்பிக்கை வாதத்துக்குள் நுழையும் வாசல் இதுதான். உரையை ஏற்றால் கடவுளையும் ஏற்றதாகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். வேதச் சடங்குகளை ஆராய்ந்த மீமாம்சகர் வேதத்தைத் தலைமேல் வைத்துக்கொண்டே, அதற்குச் செய்தவனும் இல்லை, உலகைப் படைத்தவனும் வேண்டியதில்லை என்றார்கள்.

மறுப்பவருக்கும் இதே சோதனை உண்டு. கண்கூடு அல்லாத கருத்தளவு (கருதலளவை) அழியும் என்ற பூதவாதியிடம் காப்பியத் தலைவி மணிமேகலை கேட்கிறாள்: உன் தந்தை தாயரை அனுமானத்தால் அல்லாமல் வேறு எப்படி அறிவாய்? கேட்டவள் படைப்புக் கடவுளை ஏற்ற சைவவாதியையும் விட்டு விலகி வந்தவள். "பார்த்தால்தான் நம்புவேன்" என்பது நாத்திகத்துக்கு மிகப் பலவீனமான கால். "காணவில்லை, ஆகவே இல்லை" என்பது காணத்தக்க பொருளுக்கே செல்லும். மேசைமேல் பானை இல்லை என்று பார்த்துச் சொல்லலாம். காட்சிக்கு எட்டாதவன் என்றே சொல்லப்படுபவனை அப்படி மறுக்க முடியாது. அதே கடவுள் இந்த வேண்டுதலுக்கு மழை தருவார், இந்த நோயைத் தீர்ப்பார் என்று ஒருவர் சொன்னால் அது காணத்தக்கதாகிவிடுகிறது. அங்கே எண்ணிப் பார்க்கலாம், பொய்யானால் பொய் என்றும் சொல்லலாம்.

மெய்கண்டாருக்கு இந்த எல்லை நன்றாகத் தெரியும். ஆறாம் நூற்பாவில் அவரே சொல்கிறார்: மற்றப் பொருள்களைப் போல உணரப்படுவது என்றால் அது அசத்து (நிலையற்றது), எவ்வகையிலும் உணரப்படாதது என்றால் அது இல்பொருள். சிவம் இரண்டும் அல்லாத சத்து (என்றும் உள்ளது). ஊனக்கண்ணுக்கு எட்டாததை ஞானக்கண்ணால் நாடு என்கிறது ஒன்பதாம் நூற்பா. "ஒருவன் உண்டு" என்ற மட்டுமே வாதம் கொண்டுபோகும், அதன்பின் அனுபவம் என்று அவர் பிரித்துவிடுகிறார். யோகக் காட்சியையும் அளவைக்குள் சேர்த்த சித்தியாரின் வழியில் அந்த அனுபவம் கண்டவருக்குப் பிரமாணம்தான். காணாதவருக்கு அது கண்டவர் சொன்ன உரை. அதை அவர் ஏற்கலாம், மறுக்கலாம். மறுப்பவரை அறிவிலி என்று சொல்ல எந்த அளவையும் இடம் தரவில்லை.